பைண்டிங் ஏன் திரும்பத் திரும்பக் கழல்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் பனிக்காலச் சிறப்புப் பக்கத்தில் பிள்ளைகளின் ஸ்னோபோர்ட் (இரு கால்களையும் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகை) பராமரிப்பு பற்றி வெளிவந்த குறிப்பைப் படித்தேன். நம் பிள்ளைகள் பனிமலைக்குப் போகத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும், அந்த விளையாட்டின் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அரிதாகவே இருக்கிறார்கள். அதற்கு இடம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால் பைண்டிங், அதாவது காலணியைப் பலகையோடு பிடித்துவைக்கும் பூட்டு, கழன்றுகொண்டே இருந்தால் திருகாணிகளை நன்றாக இறுக்கி மரையில் லொக்டைட் என்ற பூட்டுப் பசையில் ஒரு சொட்டு விட்டால் போதும் என்று அதில் சொல்லப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. இயந்திரப் பாகங்களைப் பூட்டுவதையும் கழற்றுவதையும் தொழிலாகக் கொண்டவன் நான். ஸ்காபரோவில் எங்கள் தெருப் பிள்ளைகளின் பலகைகளைப் பனிக்காலம்தோறும் பார்த்துச் சரிசெய்து கொடுத்தும் வருகிறேன். தற்செயலாகத் தளர்ந்த திருகாணியை இறுக்கிவிட்டு மறந்துவிடலாம். ஒழுங்காக இறுக்கிய பிறகும் மீண்டும் மீண்டும் தளர்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடாமல் பசையை ஊற்றினால் சில வேளைகளில் பைண்டிங்கே வெடிப்பு விட்டுப் பிளந்து போகும். இதை விளக்கவே இக்கடிதம்.

பெற்றோர் பலர் ஸ்கீயையும் ஸ்னோபோர்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். காலுக்கு ஒன்றாக மாட்டும் ஸ்கீயின் பைண்டிங், விழும்போது ஒரு குறிப்பிட்ட விசைக்கு மேல் காலணியைத் தானாக விடுவிக்கும்படி அமைந்தது. ஓட்டுபவரின் எடை, உயரம், வயது, திறமை, காலணியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு, கடையில் பயிற்சி பெற்ற ஒருவர் அந்த விசையின் அளவைக் கணித்துப் பொருத்திக் கொடுப்பார். ஸ்னோபோர்ட் பைண்டிங்குக்கு அப்படி விடுவிக்கும் வேலையே கிடையாது. இரண்டு கால்களும் எப்போதும் பலகையோடு பூட்டியிருக்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு. வேகமாக இறங்கும்போது ஒரு பைண்டிங் மட்டும் பலகையைவிட்டுப் பிரிந்தால், ஒரு கால் விடுபட்டுப் போக, மற்றக் கால் நீண்ட பலகையோடு சிக்கி முறுக்கப்படும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போய்ச் சேரும். இதைச் சரிபார்ப்பதற்கென்று கடையிலோ மலையிலோ யாரும் நியமிக்கப்படவில்லை. பலகை யாருடையதோ அவருடைய பொறுப்பு, பிள்ளை சிறியதென்றால் பெற்றோருடைய பொறுப்பு.

பூட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் பழுதைத் தேடுவது எளிது. பலகையின் மரக்கட்டைக்குள் துருப்பிடியாத எஃகினால் ஆன சிறிய மரைக்குழிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பைண்டிங்கின் அடித்தட்டு நடுவில் வட்டமான ஒரு திறப்பு உண்டு. அதற்குள் பல்வைத்த ஒரு நடுத்தட்டு வந்து உட்காரும். நடுத்தட்டின் துளைகள் வழியாக நான்கு திருகாணிகள் அந்த மரைக்குழிகளில் இறங்குகின்றன. திருகாணிகள் பிடிப்பது நடுத்தட்டைத்தான். அடித்தட்டைப் பிடித்திருப்பது நடுத்தட்டின் விளிம்பும் அதன் பற்களுமே. திருகாணி 6 மில்லிமீட்டர் விட்டமும், சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் இறங்கும் மரையும் கொண்டது, எம்6 என்று வழங்குவது. மரைக்குழிகளின் இடைவெளியில் வகைகள் உண்டு. பழைய 4க்கு 4 அமைப்பில் துளைகள் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். இன்று பரவலாக உள்ள 2க்கு 4 அமைப்பில் நீளவாட்டில் 2 சென்டிமீட்டருக்கு ஒரு துளை இருக்கும். பர்ட்டன் நிறுவனத்தின் பலகைகளில் முன்பு முக்கோணமாக மூன்று துளைகள் வைத்தார்கள்; பின்னர் நடுவே நீளமாக ஓடும் ஒரு பள்ளத்தை அமைத்தார்கள், அதில் ஒரு பைண்டிங்குக்கு இரண்டே திருகாணிகள். இரண்டே இருப்பதால் அங்கே ஒன்று தளர்ந்தாலும் பாதிப் பிடி போய்விடுகிறது. பலகை அந்த வகை என்றால் கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும்.

திருகாணி தளர்வது ஏன் என்பதற்குப் பொறியியலில் தெளிவான விடை உண்டு. மேலும் கீழுமான அதிர்வைவிட, பக்கவாட்டில் ஏற்படும் மிகச் சிறிய நழுவலே பூட்டைத் தளர்த்துகிறது என்பதை ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பூட்டுகளின் அதிர்வுத் தாக்குப்பிடிப்பைச் சோதிக்கும் பொறி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டு பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவாத அளவு அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கும் வரையில் திருகாணி அசையாது. அழுத்தம் குறைந்து, ஒரு மயிரிழை அளவு நழுவல் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு நழுவலிலும் அது சிறிது சிறிதாகத் தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘திருகாணியை எதைக் கொண்டு ஒட்டலாம்’ என்பதன்று. ‘இந்தப் பூட்டில் அழுத்தம் ஏன் நிலைக்கவில்லை’ என்பதே. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

பெரும்பாலும் முதலில் தளர்வது முன்கால் பைண்டிங்தான் என்பதைப் பல பெற்றோர் கவனித்திருப்பார்கள். காரணம் நாற்காலித் தூக்கியில் இருக்கிறது. மேலே ஏறும்போது பின்காலைக் கழற்றிவிட்டு முன்காலில் மட்டும் பலகையை மாட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். பலகையின் எடை முழுவதும் அந்த ஒற்றைப் பைண்டிங்கில் பக்கவாட்டாகத் தொங்கி ஆடுகிறது. தூக்கியை நோக்கி ஒற்றைக் காலால் உந்திப் போகும்போதும் அந்தக் கால்தான் முறுக்கப்படுகிறது. ஒன்ராறியோவின் மலைகள் உயரம் குறைந்தவை. மாகாணத்தில் பெரியதென்று பெயர் பெற்ற கொலிங்வுட் புளூ மவுண்டனின் செங்குத்து இறக்கமே ஏறத்தாழ 220 மீட்டர்தான், பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லரிலோ 1,600 மீட்டரைத் தொடுகிறது. இறக்கம் குறுகியதானால் ஒரு நாளில் தூக்கியில் ஏறும் தடவைகள் கூடும். எர்ல் பேல்ஸ் பூங்காவிலும் சென்டெனியல் பூங்காவிலும் உள்ள ரொறன்ரோ மாநகரச் சரிவுகளில் இன்னும் கூடும். இதற்கு மேல், இங்கே நாம் சறுக்குவது பெரும்பாலும் இயந்திரம் தூவிய பனியில். பகலில் இளகி இரவில் உறைந்து கல்லாகிவிட்ட அந்தப் பரப்பில் பலகையின் விளிம்பு தடதடவென்று அதிரும். மென்பனியில் ஓடும் பலகை ஒரு பருவம் முழுவதும் படாத அடியை நம் பிள்ளைகளின் பலகை ஒரு மாலையிலேயே பட்டுவிடுகிறது என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றாது.

இனிப் பழுதைத் தேடும் முறைக்கு வருகிறேன். திருப்புளியை எடுப்பதற்கு முன் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பலகையைத் தரையில் வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் பைண்டிங்கின் குதிகால் வளையத்தைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். நடுத்தட்டும் அடித்தட்டும் சேர்ந்து அசைந்தால் குறை திருகாணியிலோ மரைக்குழியிலோ இருக்கிறது. நடுத்தட்டு அசையாமல் நிற்க அடித்தட்டு மட்டும் சுழன்றால் பற்களில் குறை. இரண்டும் உறுதியாக இருக்க, கணுக்காலுக்குப் பின்னே நிமிர்ந்து நிற்கும் பின்தாங்கி மட்டும் ஆடினால் குதிகால் வளையத்தின் பக்கத் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றன. எதுவுமே ஆடவில்லை, ஆனால் பிள்ளை மட்டும் ‘கால் ஆடுது’ என்று சொல்கிறதா? அப்படியானால் காலணி பெரிதாக இருக்கலாம், அல்லது வாரின் பல்பட்டை தேய்ந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் கொக்கியான ராட்செட் நழுவலாம். நான் பார்த்த பலகைகளில், பைண்டிங் கழன்றுவிட்டது என்று கொண்டுவரப்பட்டவற்றுள் சில உண்மையில் இந்தக் கடைசி வகையாகவே இருந்தன. அவற்றில் நடுத்தட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

அடுத்து, மேலாக இறுக்கிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் பைண்டிங்கை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். மேலே இருந்து பார்த்தால் தெரியாத காரணங்களே இங்கு அதிகம்.

அவற்றில் தலையாயது பல் உட்காராத நடுத்தட்டு. நடுத்தட்டின் விளிம்பில் உள்ள பற்கள் அடித்தட்டின் பற்களுக்கு இடையே சரியாக விழ வேண்டும். ஒவ்வொரு பல்லும் பொதுவாக 3 பாகை கோணத்தைக் குறிக்கும். பிள்ளை நிற்கும் கோணத்தை மாற்றுவதற்காகத் தட்டைச் சற்றே திருப்பும்போது, பற்கள் பள்ளத்தில் விழாமல் ஒன்றன் முகட்டில் ஒன்று ஏறி நின்றுவிடுவதுண்டு. அந்த நிலையில் திருகாணியை இறுக்கினால் கைக்கு நல்ல இறுக்கமாகவே தெரியும். மலையில் இரண்டு இறக்கம் இறங்கியதும் பற்கள் சறுக்கித் தம் இடத்தில் விழும். தட்டு அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் அந்த இறுக்கம் முழுவதும் போய்விடும். ‘காலையில்தானே இறுக்கினேன்’ என்று பெற்றோர் வியப்பதற்கு இதுவே பெரும்பாலான வேளைகளில் காரணம். திருகாணிகளை இரண்டு மூன்று சுற்று மட்டும் பிடிக்கவிட்டு, அடித்தட்டைக் கையால் இருபுறமும் மெல்ல ஆட்டிப் பற்கள் விழுந்துவிட்டதை உணர்ந்த பிறகே இறுக்கத் தொடங்க வேண்டும். இறுக்கும்போதும் ஒன்றை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலையாக, வாகனச் சக்கரத்தின் நட்டுகளை இறுக்குவது போல, சிறிது சிறிதாக நான்கையும் சமமாகக் கொண்டுவர வேண்டும். பற்களே மழுங்கிப் போயிருந்தால் அந்த நடுத்தட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தனியாக விற்கின்றன.

இரண்டாவதாகத் திருகாணியின் நீளம். பழைய பைண்டிங்கின் திருகாணிகளைப் புதிய பைண்டிங்குக்குப் போடுவதும், தொலைந்த ஒன்றுக்குப் பதிலாக வீட்டில் கிடைத்த ஒன்றைப் போடுவதும் நம் வீடுகளில் சாதாரணம். நீளம் கூடிவிட்டால் திருகாணியின் முனை மரைக்குழியின் அடியில் முட்டி நின்றுவிடும். அது இறுகிவிட்டது என்று கை சொல்லும். ஆனால் அதன் தலை நடுத்தட்டை அழுத்தவே இல்லை. தொடர்ந்து முறுக்கினால் பலகையின் அடிப்பரப்பில் சிறு வீக்கம் கிளம்பும், மரைக்குழியே கட்டையிலிருந்து பெயரவும் கூடும். நீளம் குறைந்தாலோ இரண்டு மூன்று மரைகள் மட்டுமே முழுச் சுமையையும் தாங்கி, விரைவில் அறுந்துவிடும். இதை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பல்குச்சியை மரைக்குழிக்குள் அடிவரை விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடித்தட்டையும் நடுத்தட்டையும் கையில் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, திருகாணியைத் துளையில் விட்டு, அடிப்பக்கம் அது எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் அளவு, குறித்த ஆழத்தைவிடச் சிறிதாவது குறைவாக இருக்க வேண்டும். அதே நேரம் ஐந்தாறு முழுச் சுற்றுகள், அதாவது 5 முதல் 6 மில்லிமீட்டராவது மரையில் பிடிக்க வேண்டும். இரும்புக் கடையில் எம்6 திருகாணி எளிதில் கிடைக்கும், ஆனால் அதன் தலையின் வடிவம் நடுத்தட்டின் துளைக்குப் பொருந்தாவிட்டால் அது ஒரு விளிம்பை மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். பைண்டிங் திருகாணிகளை ஸ்னோபோர்ட் கடையில் கேட்டு வாங்குவதே நல்லது. சில கடைகளில் இலவசமாகவே கொடுத்துவிடுவார்கள்.

திருப்புளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் திருகாணிகளின் தலையில் இருக்கும் கூட்டல் குறி வடிவப் பள்ளத்திற்குப் பொதுவாகப் பொருந்துவது பிலிப்ஸ் 3ஆம் எண் முனை. சிலவற்றுக்குப் போசிட்ரிவ் முனை. நம் வீட்டு இழுப்பறையில் கிடப்பது அநேகமாக 2ஆம் எண். சிறிய முனையைக் கொண்டு இறுக்கினால், தேவையான இறுக்கம் வருவதற்கு முன்பே அது பள்ளத்தைவிட்டு எகிறும்; எகிற எகிறப் பள்ளம் வட்டமாகிவிடும். பிறகு இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. பெரிய கைப்பிடியுள்ள 3ஆம் எண் திருப்புளி ஒன்று வாங்கினால் அது பல ஆண்டுகள் உழைக்கும். மின்சாரத் துளைப்பொறியால் இறுக்குவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். மரை கோணலாக ஏறினால் அது கைக்குத் தெரியும், பொறிக்குத் தெரியாது. முதல் இரண்டு சுற்றையும் விரலாலேயே ஏற்றுங்கள்.

கழற்றிய இடத்தைத் துடைத்துப் பார்ப்பதும் முக்கியம். அடித்தட்டுக்கும் பலகைக்கும் இடையில் உறைந்த பனி, மணல், பழைய மெழுகு ஆகியவை படிந்திருந்தால், நாம் இறுக்குவது அந்தப் படிவின் மேல்தான். பனி உருகியதும் அங்கே இடைவெளி உண்டாகிவிடும். அதனால்தான் மலையடிவாரத்தில் ஈரமாக இருக்கும்போது பூட்டுவதைவிட, முதல் நாள் வீட்டில் காய்ந்த நிலையில் பூட்டுவது சிறந்தது. நாம் செலுத்தும் முறுக்கில் பத்தில் ஒரு பங்கு அளவே உண்மையான அழுத்தமாக மாறுகிறது, மீதி தலையின் கீழும் மரையிலும் உள்ள உராய்விலேயே செலவாகிவிடுகிறது என்பது எங்கள் தொழிலில் அனைவருக்கும் தெரிந்த கணக்கு. மரையில் மணலோ துருவோ இருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் குறைந்துவிடும்; கைக்கு மட்டும் பெரும் இறுக்கமாகத் தோன்றும்.

ஆனாலும் வீட்டில் பூட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு, அது குளிர். பைண்டிங்கின் பாகங்கள் பெரும்பாலும் நைலான் போன்ற நெகிழிகளால் ஆனவை. நெகிழி, குளிரில் எஃகைவிடப் பல மடங்கு சுருங்கும். வீட்டில் 20 பாகைச் சூட்டில் பூட்டிய பலகையை மைனஸ் 20 பாகைக்குக் கொண்டுபோனால், 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெறும் நைலான் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒன்றரைப் பங்கு அளவு மெலிகிறது. கண்ணாடி இழை கலந்த நைலானில் இது இன்னும் குறைவு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும், ஆனால் இறுக்கிய சிறு திருகாணி இழுபட்டு நீண்டிருப்பதும் ஏறத்தாழ அந்த அளவுதான். ஆகவே அழுத்தத்தின் கணிசமான பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது. அதோடு, தொடர்ந்து அழுத்தப்பட்டிருக்கும் நெகிழி நாளடைவில் மெல்ல அமுங்கியும் போகும். புதிய பைண்டிங் முதல் சில நாள்களில் தளர்வதற்கு இது இயல்பான காரணம். அதைப் பழுது என்று கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் பூட்டுங்கள், மலையை அடைந்து பலகை குளிர்ந்ததும் ஒருமுறை சரிபாருங்கள், முதல் சில இறக்கங்களுக்குப் பின் மறுபடியும் பாருங்கள். அதன் பின்னும் ஒவ்வொரு நாளும் தளர்ந்தால்தான் மேலே சொன்ன காரணங்களைத் தேட வேண்டும்.

மெழுகு பூசுவோருக்கு ஒரு குறிப்பு. சூடான இஸ்திரியால் அடிப்பரப்பில் மெழுகு தேய்க்கும்போது எஃகு மரைக்குழிகள் சூட்டை உறிஞ்சும். இறுகிய திருகாணிகள் அந்த இடத்தை மேல்நோக்கி இழுத்துப் பள்ளம் விழச்செய்யும். அதனால் மெழுகு பூசுமுன் பைண்டிங்கைக் கழற்ற வேண்டும், அல்லது தளர்த்தவாவது வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரியான வழக்கம்தான். ஆனால் தளர்த்தியதை மீண்டும் இறுக்க மறந்துபோய், அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவோர் பலர்.

இப்போது லொக்டைட் விடயத்துக்கு வருகிறேன். பைண்டிங்கோடு வரும் புதிய திருகாணிகளின் மரையில் நீல நிறத்திலோ வேறு நிறத்திலோ ஒரு சிறு பூச்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நெகிழிப் பூச்சு. மரைகளுக்கு இடையில் நசுங்கி நின்று, திருகாணி எளிதில் சுழலாமல் தடுக்கிறது. பலமுறை கழற்றிப் பூட்டினால் அது தேய்ந்து போகும். தேய்ந்த திருகாணிக்கு நேர்மையான மருந்து, பூச்சுள்ள புதிய திருகாணிதான். நான்குக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் செலவை எட்டாது.

கடைகளில் லொக்டைட் என்று வாங்கும் திரவப் பசை, காற்றுப்படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் வகையைச் சேர்ந்தது. அதைத் தயாரிப்பவர்களே அதை நெகிழிப் பாகங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். இறுகாத திரவம் நெகிழியில் படிந்தால், சில வகை நெகிழிகளில், குறிப்பாகப் பாலிகார்பனேட்டில், அழுத்தம் உள்ள இடங்களில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகும். நடுத்தட்டின் திருகாணித் துளையைச் சுற்றியுள்ள இடம்தான் பைண்டிங்கிலேயே அதிக அழுத்தம் தாங்கும் இடம். பசை வழிந்து சேர்வதும் அங்கேதான். வெடிப்பு முதலில் கண்ணுக்குத் தெரியாது. குளிரில், ஒரு பாய்ச்சலின் முடிவில், தட்டு இரண்டாகப் பிளக்கும்போதுதான் தெரியும். அத்துடன் துருப்பிடியாத எஃகில் இந்தப் பசை மெதுவாகவே இறுகும். முழு வலிமை பெற 24 மணி நேரமாவது வேண்டும். காலையில் வாகனத் தரிப்பிடத்தில் பசை விட்டுவிட்டு உடனே சறுக்கப் போனால் அது பிடித்திராது, வழிந்து நெகிழிக்குத்தான் போகும்.

சிவப்பு நிற வகையைத் தயவுசெய்து யாரும் பலகைக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். அது நிரந்தரப் பூட்டுக்கானது. அதைக் கழற்ற ஏறத்தாழ 250 பாகைச் சூடு வேண்டும்; பலகையின் அடிப்பரப்பான பாலிஎத்திலீனோ 130 பாகையை ஒட்டியே உருகிவிடும். ஒருமுறை சிவப்புப் பசை விட்ட பலகையில் கோணத்தை மாற்றுவதற்குக்கூட வழியில்லாமல் போகிறது. பூச்சு தேய்ந்த திருகாணியை எப்படியும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், வைப்ரா-டைட் விசி-3 போன்ற, திருகாணியில் தடவி முன்கூட்டியே காயவிட்டுப் பிறகு பூட்டும் வகை இருக்கிறது. ஈரமாகப் போடாமல் காய்ந்த நிலையில் போடுவதால் அது நெகிழியில் வழியாது, பலமுறை கழற்றிப் பூட்டவும் இடம் கொடுக்கும். அதையும் பல், நீளம், அழுக்கு ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். பற்கள் முகட்டில் நிற்கும் தட்டை எந்தப் பசையும் காப்பாற்றாது.

திருகாணி எவ்வளவு சுற்றினாலும் இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால் மரைக்குழி பழுதடைந்திருக்கிறது. இதில் இரண்டு நிலைகள் உண்டு. குழி அசையாமல் இருக்க அதன் மரை மட்டும் அறுந்திருந்தால், பலகை திருத்தும் கடையில் ஹெலிகாயில் எனப்படும் கம்பிச்சுருள் மரையைப் பொருத்தித் தருவார்கள். ஒழுங்காகச் செய்தால் அது முன்பிருந்ததைவிட உறுதியாகவே இருக்கும். குழியே கட்டைக்குள் சுழன்றாலோ மேலே எழும்பினாலோ அது பெரிய வேலை. அடிப்பரப்பைத் திறந்து, புதிய மரைக்குழியை எப்பொக்சிப் பிசினில் பதித்து மூட வேண்டும். இளையவர்களின் விலை குறைந்த பலகைக்கு இந்தச் செலவு தகாது என்பது என் கருத்து. அந்த ஒரு துளையை மட்டும் விட்டுவிட்டு, நிற்கும் அகலத்தைச் சற்று மாற்றி அடுத்த துளைகளில் நான்கு திருகாணிகளும் முழுமையாகப் பிடிக்குமாறு பூட்ட முடிந்தால் பூட்டலாம். மூன்று திருகாணிகளோடு ஓட்டிச் சமாளிக்கலாம் என்று மட்டும் எண்ணக் கூடாது. நான்கு சேர்ந்து சுமக்க வேண்டிய சுமையை மூன்று சுமக்கும்போது, அடுத்து அறுவது அந்த மூன்றில் ஒன்று.

வார்களையும் பின்தாங்கியையும் பிடித்திருக்கும் சிறிய திருகாணிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அவையும் தளரும், விழுந்தால் பனியில் கிடைக்கவே கிடைக்காது. உதிரியாக இரண்டு மூன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும்.

பழைய பலகையை ஒருவரிடமிருந்து வாங்குவோருக்கு இவை இன்னும் முக்கியம். அண்ணனின் பலகை தம்பிக்கும், அங்கிருந்து மச்சாள் வீட்டுக்கும் போவது நம் குடும்பங்களில் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. வாங்குமுன் பைண்டிங் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். ஒரு திருகாணியை எடுத்து எல்லா மரைக்குழிகளிலும் விரலாலேயே ஏற்றிப் பாருங்கள். தடையில்லாமல் ஐந்தாறு சுற்று இறங்க வேண்டும். பலகையைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மரைக்குழிகள் உள்ள இடங்களில் அடிப்பரப்பு புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தட்டின் துளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அவை வெடிப்பின் தொடக்கம். அந்தத் தட்டை மாற்றாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள். கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

பாடசாலைகள் வழியாக மலைக்குப் போகும் பிள்ளைகளின் நிலை எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பேருந்து புறப்படும் நாளில் தலைக்கவசம் இருக்கிறதா, கையுறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சொந்தப் பலகை கொண்டுவரும் பிள்ளையின் பைண்டிங்கை யாரும் தொட்டுப் பார்ப்பதாக நான் அறியவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. பெற்றோரிடம் கையொப்பத்துக்கு வரும் படிவத்தில், முதல் நாள் மாலை நான்கு திருகாணிகளையும் சரிபார்த்தேன் என்று ஒரு வரி சேர்த்தாலே பலர் திருப்புளியைக் கையில் எடுப்பார்கள். பயணத்துக்குப் பொறுப்பானவர் ஒரு 3ஆம் எண் திருப்புளியைக் கொண்டுபோவதும் பெரிய சுமையன்று. பல மலைகளின் அடிவாரத்தில் வாடகைக் கருவிகள் தரும் இடத்துக்கு அருகே திருப்புளிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக் கொடுத்து, மதிய உணவுக்குப் பின் ஒருமுறை தாங்களே இறுக்கிப் பார்க்கப் பழக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது முடியாத காரியமில்லை. கையால் ஆட்டிப் பார்ப்பதையும், எதிரெதிர் மூலையாக இறுக்குவதையும் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள்.

மார்ச் விடுமுறை நெருங்குகிறது. குடும்பம் குடும்பமாகப் பலர் வடக்கே புறப்படும் காலம் அது. தங்கள் குறிப்பைப் படித்துவிட்டுப் பசை வாங்கியவர்களும் இருக்கக்கூடும். ஆகவே, நெகிழிப் பாகங்களுக்குத் திரவ லொக்டைட் ஆகாது என்பதையும், நடுத்தட்டின் பற்களையும் திருகாணியின் நீளத்தையும் முதலில் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அடுத்த இதழிலேயே, பழைய குறிப்பு வெளிவந்த அதே பக்கத்தில் வெளியிட்டு உதவுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே பசை விட்டவர்கள் நடுத்தட்டைக் கழற்றி, சவர்க்கார நீரில் கழுவித் துடைத்து, துளைகளைச் சுற்றி வெடிப்பு உண்டா என்று பார்த்துவிட்டே பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.